கடைசிக் கூலியிலிருந்து முதல் சம்பளம் வரை: மசாஜ் படிப்புக்கு ஒரு செலவுக் கணக்கு

மசாஜ் பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும். கள்ளக்குறிச்சி மாவட்டம் மணலூர்பேட்டையில் ஒரு வீட்டில் பெண்ணையோ பையனையோ இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா என்ற பேச்சு எழுந்தால், அந்தத் தொகையை வைத்துத்தான் பேச்சு நடக்கும். நாற்பதாயிரம் என்றால், நாற்பதாயிரத்துக்கு என்ன வழி என்று யோசிப்பார்கள். நகையை அடகு வைத்து அந்தப் பணம் கட்டிய பிறகுதான் விடுதி வாடகை, சீருடை, துண்டு, தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்புகிறவர்களில் பலருக்கு வித்தை வராமல் போனதில்லை. இரண்டாவது மாதத்து விடுதிப் பணம் வராமல் போயிருக்கும்.

அதனால் இந்த அத்தியாயத்தில் கட்டணத்தை ஓரமாக வைத்துவிட்டு முழுச் செலவைப் போடுவோம். கணக்கு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். நீங்கள் கடைசியாகக் கூலி வாங்கிய நாளில் தொடங்குங்கள். படித்து முடித்து, வேலையில் சேர்ந்து, முதல் சம்பளம் கைக்கு வரும் நாளில் முடியுங்கள். இடையில் உள்ள ஒவ்வொரு நாளும் செலவு நாள்தான்.

அமெரிக்காவில் அரசின் கல்வி நிதியுதவி பெறும் மாணவர்களைச் சேர்க்கும் கல்வி நிலையங்கள், கட்டணத்தோடு தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், கருவிகள், போக்குவரத்து, சொந்தச் செலவு எல்லாவற்றையும் கூட்டி ஒரே மொத்தமாகச் சொல்கின்றன. அந்த வரிசையில் மசாஜ் பள்ளிகளும் உண்டு. நம் ஊரில் அப்படி யாரும் கூட்டித் தருவதில்லை. நாமே ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது.

எந்தப் படிப்பு என்பதே முதல் செலவு முடிவு

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குள் போகச் சில வாசல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் செலவு முற்றிலும் வேறு.

அரசு வழியில் நடக்கும் நர்சிங் தெரபி பட்டயப் படிப்பு இரண்டரை ஆண்டு. சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்திலும், 1964இல் தொடங்கிய பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியிலும் அது நடக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிடும். கட்டணம் குறைவு, காலம் நீளம். அரசு சித்த, ஆயுர்வேத மருத்துவப் பிரிவுகளில் தெரபியூட்டிக் அசிஸ்டென்ட் வேலைக்கு இந்தப் பட்டயத்தைத்தான் கேட்கிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும் மாவட்ட நலவாழ்வுச் சங்கமும் விளம்பரம் போடும்போது தகுதி என்ற கட்டத்தைப் படித்துப் பாருங்கள். தனியார் நிலையத்தில் மூன்று மாதம் படித்து வாங்கிய சான்றிதழ் அங்கே செல்லாது. இது தெரியாமல் அரசு வேலை ஆசையில் தனியாரிடம் பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

அடுத்தது திறன் பயிற்சி. ஸ்பா தெரபிஸ்ட், பஞ்சகர்மா டெக்னீஷியன் போன்ற வேலைகளுக்குத் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் பாடத்திட்டம் இருக்கிறது. அரசுத் திட்டத்தின் கீழ் ஒரு மையம் அந்தப் பாடத்தை நடத்தினால் பயிற்சிக் கட்டணம் கிடையாது. கிராமத்து இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாய கிராமின் கவுசல்யா யோஜனாவில் 15 முதல் 35 வயதுக்காரர்களுக்குத் தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்தே கொடுக்கிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாட்கோ நடத்தும் பயிற்சிகள் உண்டு. எந்த ஆண்டு எந்த மையத்தில் எந்தப் பாடம் என்பது மாறிக்கொண்டே இருக்கும். பணம் கட்டும் இடத்துக்குப் போகும் முன் கள்ளக்குறிச்சியில் வேலைவாய்ப்பு அலுவலகம், மகளிர் திட்ட அலுவலகம், தாட்கோ அலுவலகம் மூன்றிலும் ஒரே நாளில் விசாரித்துவிடுங்கள். அந்த ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை. விசாரிக்காமல் போனதால் இழக்கக்கூடிய தொகை அதைவிடப் பல மடங்கு.

மூன்றாவது, தனியார் நிலையங்கள். சென்னை, கோவை, புதுச்சேரி, கேரளம் என்று பரவிக் கிடக்கின்றன. தரத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே விலையைப் பார்க்க ஒரு சுலபமான வழி, மணி நேரத்தைக் கேட்பது. அமெரிக்காவில் உரிமம் வாங்க டெக்சாஸ் மாநிலம் 500 மணி நேரப் பயிற்சி கேட்கிறது, நியூயார்க் 1,000 மணி நேரம் கேட்கிறது. நம்மிடம் அப்படி ஒரு சட்டக் கணக்கு இல்லாவிட்டாலும், இத்தனை மணி நேரம் வகுப்பு, அதில் இத்தனை மணி நேரம் உடம்பின் மேல் கை வைத்துப் பழகுவது என்று எழுத்தில் சொல்லத் தெரியாத நிலையம் எதற்காகப் பணம் வாங்குகிறது? கட்டணத்தைக் கைப்பயிற்சி மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். முப்பதாயிரம் ரூபாய்க்கு 60 மணி நேரம் என்றால் மணிக்கு ஐந்நூறு. ஐம்பதாயிரத்துக்கு 400 மணி நேரம் என்றால் மணிக்கு நூற்று இருபத்தைந்து. சித்த மருத்துவத்தின் மசாஜான தொக்கணத்தில் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது முறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கைக்குப் படிய நாளாகும். விலை குறைந்த படிப்பு பல நேரம் மணி குறைந்த படிப்பாக இருக்கிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

நிலையத்து ஆபீசில் பேச்சு இப்படித்தான் போகும். “இன்னைக்கே அட்வான்ஸ் போட்டா டிஸ்கவுண்ட் உண்டும்மா, நாளைக்கு சீட் இருக்காது.” நீங்கள் சொல்ல வேண்டியது: “சரிங்க சார், மொத்தம் எவ்ளோ ஆகும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க, வீட்ல காட்டிட்டு வர்றேன்.” எழுதிக் கொடுக்கத் தயங்கினால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். சொன்ன கட்டணத்தில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா? தனியார் பயிற்சிக்கு 18 சதவீதம் வரி உண்டு. நாற்பதாயிரம் என்று சொல்லிவிட்டு ரசீதில் 47,200 என்று போட்டால் அந்த 7,200க்கு நீங்கள் தயாராக இருக்க மாட்டீர்கள். தேர்வுக் கட்டணமும் சான்றிதழ்க் கட்டணமும் தனியா? தேர்வில் தவறினால் மறுபடி எழுத எவ்வளவு? பயிற்சி எண்ணெய் நிலையத்துடையதா, மாணவர்கள் வாங்க வேண்டுமா? சீருடை எத்தனை செட் கொடுக்கிறார்கள்? தவணை உண்டா, எந்தத் தேதியில்? பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பி வரும்? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சில் வரும் பதிலை நம்ப வேண்டாம். எழுத்தில் இருந்தால்தான் பின்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லவும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகவும் ஆதாரமாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எதையும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், நகல் கொடுங்கள். அசல் உள்ளே போய்விட்டால் மிச்சக் கட்டணத்துக்கு அதுவே அடமானமாகிவிடும். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

கல்வராயன் மலையிலிருந்து வருகிறவர்கள் சான்றிதழ் வேலையைச் சேர்க்கைக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்து போவது முழு நாள் வேலை. விசாரணைக்கு இன்னொரு முறை வரச் சொல்லலாம். இந்த நடைகளுக்கான பஸ் காசும் கூலி இழப்பும் தாளின் முதல் வரியில் ஏற வேண்டும்.

எண்ணெய், துண்டு, சாப்பாடு

எந்த விளம்பரத்திலும் வராத செலவு இது. நான் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மாதாமாதம் பிடுங்குவது இதுதான்.

எண்ணெய் போட்டுச் செய்யும் மசாஜில் தினமும் உடுப்பு எண்ணெயாகும். முன்கை, வயிற்றுப் பக்கம், இடுப்பு எல்லாம் பட்டுவிடும். அன்றைக்கே துவைக்காவிட்டால் இரண்டாம் நாள் சிக்கு வாடை அடிக்கும். அந்த வாடையோடு ஒருவர் உடம்பைத் தொட முடியாது, பயிற்றுநரும் உள்ளே விட மாட்டார். இரண்டு செட் சீருடை கொடுத்தால் மூன்றாவதை நீங்களே தைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் சென்னை விடுதி மொட்டை மாடியில் துணி ஒரே நாளில் காயாது. துண்டு குறைந்தது நான்கு வேண்டும், வெள்ளையை விட அடர்ந்த நிறம் நல்லது. எண்ணெய்த் துணிக்குச் சோப்பு இரண்டு மடங்கு செலவாகும். சுடுதண்ணீர் இருந்தால்தான் பிசுக்கு போகும் என்பதால் விடுதியில் சுடுதண்ணீர் உண்டா, அதற்குத் தனிக் காசா என்று கேளுங்கள். நகம் வெட்டி, செருப்பு, தலைமுடி கட்டும் வலை, உடற்கூறு நோட்டு, ரெக்கார்டு எழுத்து என்று சில்லறைச் செலவுகள் தொடரும். ஒவ்வொன்றும் ஐம்பது, நூறு. சேர்ந்தால் ஆயிரம்.

அடுத்து சாப்பாடு. காலையிலிருந்து மாலைவரை நின்றுகொண்டு, முதுகை வளைத்து, உள்ளங்கையாலும் கட்டைவிரலாலும் அழுத்துகிற வேலை. முதல் மாதம் கட்டைவிரல் மூட்டும் தோளும் வலிக்கும். கரும்பு வெட்டிப் பழகியவருக்குக்கூட வேறு இடத்தில் வலிக்கும். இந்த நேரத்தில் பணம் மிச்சம் பிடிக்கிறேன் என்று காலைச் சாப்பாட்டை விடுகிற பிள்ளைகள் மூன்றாம் வாரத்தில் சோர்ந்துவிடுகிறார்கள். முட்டை, பயறு, வாழைப்பழத்துக்கு என்று மாதம் ஒரு தொகையைத் தனியே எழுதுங்கள். கணக்குத் தாளில் வெட்டக்கூடாத வரி இது ஒன்று.

ஒரு மாதிரிக் கணக்கு

சென்னையில் தனியார் நிலையத்தில் நான்கு மாதப் படிப்பு என்று வைத்துக்கொள்வோம். தொகைகள் எல்லாம் கணக்கு போடும் முறையைக் காட்டத்தான். நீங்கள் விசாரித்த தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கட்டணம் வரியோடு 47,200. விடுதி சாப்பாட்டோடு மாதம் 7,500 வீதம் 30,000. நகரத்துக்குள் பஸ் மாதம் 800 வீதம் 3,200. சீருடை, துண்டு, செருப்பு 4,500. தேர்வும் சான்றிதழும் 2,500. நான்கு முறை ஊருக்கு வந்துபோக 2,800. செல்போன் 1,200. சோப்பு, கூடுதல் சாப்பாடு, சில்லறைக்கு மாதம் 600 வீதம் 2,400. இதுவரை 93,800.

இனிமேல்தான் பலர் எழுதாமல் விடும் பகுதி. படிப்பு முடிந்த அன்றே வேலை கிடைக்காது. ஒரு மாதம் தேடல், சேர்ந்த பிறகு ஒரு மாதம் கழித்துச் சம்பளம். இந்த இரண்டு மாதம் அங்கேயே தங்க மாதம் 9,000 வீதம் 18,000. விடுதி முன்பணம் 7,500. அது பின்னால் திரும்பி வரும், ஆனால் சேரும் நாளில் கையில் இருந்தாக வேண்டும். மொத்தம் 1,19,300. இந்த ஆறு மாதமும் வீட்டுக்கு நீங்கள் கொண்டுவந்த கூலி நிற்கிறது. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. அதுவும் களை எடுப்பும் சேர்ந்து மாதம் 6,000 வந்துகொண்டிருந்தது என்றால் ஆறு மாதத்தில் 36,000. ஆக 1,55,300. நாற்பதாயிரம் என்று சொன்ன படிப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிவிட்டது.

இந்தத் தொகையைப் பார்த்துப் பயந்து படிப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. இதோடு இன்னொரு கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். சென்னையில் 12,000 சம்பளம் என்றால் விடுதி, பஸ், செல்போன் போக 3,400தான் மிஞ்சும். போட்ட முதல் திரும்ப 46 மாதம் ஆகும், கிட்டத்தட்ட நான்கு ஆண்டு. அதே வித்தையோடு திருவண்ணாமலையில் ஒரு ஆயுர்வேத மையத்தில் 10,000 சம்பளத்துக்குச் சேர்ந்து, வீட்டில் சாப்பிட்டு பஸ்ஸில் போய்வந்தால், 6,000 மிஞ்சக்கூடும். 26 மாதத்தில் போட்ட பணம் வந்துவிடும். ஆசிரமங்களுக்கு வரும் வெளியூர்க்காரர்களால் அங்கே இந்தத் தொழிலுக்கு ஆள் தேவை இருக்கிறது. ஆகவே எங்கே படிப்பது என்பதற்கு முன், எங்கே வேலை செய்யப்போகிறோம் என்பதை முடிவுசெய்யுங்கள். டிப்ஸ், கமிஷன் என்று ஆசை காட்டுவதை வருமானத்தில் சேர்க்கவே வேண்டாம்.

பணம் வரும் வழி

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. அங்கீகாரம் பெற்ற பட்டயப் படிப்புக்குத்தான் இந்தப் பணம் வரும். இரண்டரை ஆண்டுக்கு 30,000 ரூபாய் என்பது விடுதிச் செலவில் நல்ல பங்கு. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தனியாக உண்டு. ஆனால் உதவித்தொகை எதுவும் ஜூன் மாதம் சேரும்போது கைக்கு வராது. வரும் என்று நம்பி முதல் தவணையை அதன் மேல் வைத்துவிடாதீர்கள்.

கடன் என்றால் வங்கிகளின் திறன் பயிற்சிக் கடனைக் கேளுங்கள். ஐயாயிரத்திலிருந்து ஒன்றரை லட்சம் வரை இருந்த உச்சவரம்பு 2024 ஜூலையில் ஏழரை லட்சமாக உயர்ந்தது. சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்கும் கடன், படிக்கும் காலத்தில் தவணை தொடங்காது. அரசின் திறன் பயிற்சி அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கொடுப்பார்கள். ஆகவே நிலையத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்பதை வங்கி மேனேஜரே சொல்லிவிடுவார். வங்கி கடன் தர மறுக்கும் படிப்பு என்றால் நீங்களும் ஒருமுறை யோசிக்கலாம்.

கைமாற்றாக ஐம்பதாயிரத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் ஆயிரம் வட்டி. ஒன்றரை ஆண்டில் பதினெட்டாயிரம் கட்டியிருப்பீர்கள், அசல் ஐம்பதாயிரம் அப்படியே நிற்கும். சம்பளம் வரும்வரை அந்த ஆயிரம் யார் கையிலிருந்து போகும் என்பதையும் தாளில் எழுதுங்கள். மகளிர் குழுக் கடனை அம்மா பெயரில் வாங்கி மகள் படிப்புக்குக் கொடுத்தால், வாரத் தவணைக்கு அம்மாதான் பதில் சொல்ல வேண்டும்.

தவணைத் தேதியை நம் வீட்டு வரவோடு பொருத்துங்கள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு அனுப்பும் வீடுகளுக்குப் பணம் மொத்தமாக வரும். 14 நாளில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் தள்ளிப்போவது உண்டு. அந்தப் பணத்தை நம்பும் தவணைக்கு இரண்டு மாதம் இடைவெளி விட்டுத் தேதி கேளுங்கள். தை மாதத்தில் தவணை வைக்காதீர்கள். பொங்கல் முடிந்த கையோடு தை ஐந்தாம் நாள் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு நம் ஊர்த் தென்பெண்ணை ஆற்றுக்கு வருவார், ஊரெல்லாம் உறவினர் வருவார்கள். அந்த மாதம் எந்த வீட்டிலும் கையில் காசு நிற்காது.

ஊர் திரும்பும் பணம்

பெண் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கு இதைத் தனியே சொல்கிறேன். மசாஜ், ஸ்பா என்ற பெயரில் தவறான தொழில் நடக்கும் இடங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கும் தெரியும். நல்ல பயிற்சி நிலையம் என்றால் வேலைக்கு அனுப்பும் இடங்களின் பெயரை எழுதிக் கொடுக்கும். முன்னாள் மாணவிகளிடம் பேச விடும். பாண்டு பத்திரத்தில் கையெழுத்து வாங்காது. ஒரு இடத்தில் சேர்ந்த பிறகு மனசுக்குச் சரியில்லை என்று தோன்றினால் அந்த நிமிடமே பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதற்கு ராத்திரியில் ஆட்டோ, பஸ், ஒரு நாள் தங்கல் என்று மூவாயிரம் ரூபாய் அந்தப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில், அவள் மட்டும் எடுக்கும்படி இருக்கட்டும். வேறு எந்தச் செலவுக்கும் அதைத் தொடக் கூடாது. கையில் காசில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்தப் பெண்ணும் ஒரு இரவுகூட அப்படிப்பட்ட இடத்தில் இருக்கக் கூடாது. மகளிர் உதவி எண் 181ஐயும் போனில் பதிந்து அனுப்புங்கள்.

வளைகுடா ஆசை இருந்தால்

அந்தச் செலவை இந்தத் தாளில் கலக்க வேண்டாம். அதற்குத் தனித் தாள் போடுங்கள். புதிய பாஸ்போர்ட் 1,500 ரூபாய். வேலைக்கு அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கேட்கிறவரிடம் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் நடக்கிறது. முதலில் அங்கே பதிந்து வையுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை விழும். அவர்கள் வளைகுடா வேலைக்குப் போகத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் நிலுவையில் இருந்தால், மசாஜ் படிப்பில் சேரும் முன் அதை எழுதி முடிக்கத் தேர்வுக் கட்டணத்தைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.